மயஸ்தீனியா கிரேவிஸ் பற்றி யாருக்குத் தெரிய வேண்டும்?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் அக்காவுக்கு மயஸ்தீனியா கிரேவிஸ், அதாவது பயன்படுத்தப் பயன்படுத்தத் தசைகள் பலம் இழக்கும் நோய். இமை தொங்க ஆரம்பித்து ஒன்றரை வருடம் கழித்துத்தான் நோயின் பெயரே தெரிய வந்தது. அதற்குள் கண் டாக்டர், பொது மருத்துவர், மனநல ஆலோசனை என்று அலைந்து, 'டென்ஷன்தான்' என்று மாத்திரையும் சாப்பிட்டிருக்கிறார். இப்போது நீங்கள் இந்த நோயை மக்கள் எல்லோருக்கும் தெரிய வைக்க விரும்புகிறீர்கள். பிரபலம் ஒருவரைப் பேச வைக்கலாமா, ஓட்டம் நடத்தலாமா, ரிப்பன் என்ன நிறம், எங்கே தொடங்குவது என்றெல்லாம் கேட்டிருக்கிறீர்கள். இதற்கெல்லாம் அடியில் இருக்கும் கேள்வி, அக்கா இழந்த அந்த ஒன்றரை வருடத்தை இன்னொருவர் இழக்காமல் இருக்க என்ன செய்வது என்பதுதான். நான் அதற்குத்தான் பதில் சொல்லப் போகிறேன். நரம்பியல் மருத்துவராக இந்த நோயாளிகளை நெடுங்காலமாகப் பார்த்து வருகிறேன், அதனால் நோயைப் பற்றி உறுதியாகப் பேச முடியும். பிரச்சாரம் நடத்துவது என் தொழில் இல்லை. அதைப் பற்றி நான் சொல்வதை ஒரு மருத்துவரின் அபிப்பிராயமாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

எல்லோருக்கும் சொல்வதில் எனக்குத் தயக்கம் உண்டு. பத்து லட்சம் பேரை எடுத்துக்கொண்டால் அதில் இந்த நோயோடு வாழ்பவர்கள் ஏறக்குறைய 150 முதல் 200 பேர். ஆனால் எப்போதும் அசதியாக இருக்கிறது என்று சொல்பவர்கள் அதே பத்து லட்சத்தில் லட்சக்கணக்கில் இருப்பார்கள். 'உங்களுக்கு அடிக்கடி களைப்பாக இருக்கிறதா? மயஸ்தீனியாவாக இருக்கலாம்!' என்று ஒரு சுவரொட்டி ஒட்டினால், அதைப் படித்துப் பயப்படுபவர்களில் கிட்டத்தட்ட யாருக்கும் இந்த நோய் இருக்காது. பரிசோதித்துப் பார்த்தால் போயிற்று என்று தோன்றும். இந்த நோய்க்கான ரத்தப் பரிசோதனை, நோய் இல்லாதவரை நோயாளி என்று காட்டுவது மிகவும் அரிது. நோய் இல்லாத நூறு பேரில் ஒருவருக்கு மட்டும் தவறாக 'இருக்கிறது' என்று காட்டும் என்று வைத்துக்கொள்வோம். களைப்பாக இருக்கும் ஒரு லட்சம் பேரை வரிசையில் நிற்க வைத்துப் பரிசோதித்தால் உண்மையான நோயாளிகள் சுமார் இருபது பேர் கிடைப்பார்கள், தவறாக முத்திரை குத்தப்பட்டவர்கள் சுமார் ஆயிரம் பேர். அரிய நோய்களில் பரந்த பிரச்சாரம் செய்யும்போது இந்தக் கணக்கை யாரும் போடுவதில்லை. அதனால் செய்தி குறுகலாக, கூர்மையாக இருக்க வேண்டும், போய்ச் சேர வேண்டியவர்களிடம் போய்ச் சேர வேண்டும்.

கூர்மை எங்கிருந்து வரும் என்பதற்கு நோய் எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் தெரிய வேண்டும். நரம்பு தசையை இயக்கும்போது அதன் முனையிலிருந்து அசிட்டைல்கோலின் என்ற ரசாயனம் வெளிப்பட்டு, தசையின் மேலிருக்கும் ஏற்பிகளில் போய் ஒட்டுகிறது. திரும்பத் திரும்ப அதே தசையைப் பயன்படுத்தினால் ஒவ்வொரு முறையும் வெளிப்படும் அளவு சற்றுக் குறைந்துகொண்டே வரும். இது நம் எல்லோருக்கும் நடப்பதுதான். ஏற்பிகள் தேவைக்கு மேல் இருப்பதால் நமக்குத் தெரிவதில்லை. மயஸ்தீனியாவில் உடலின் நோயெதிர்ப்பு அமைப்பே அந்த ஏற்பிகளுக்கு எதிராக ஆன்டிபாடிகள் என்ற புரதங்களைத் தயாரித்து அவற்றைக் குறைத்துவிடுகிறது. உபரி போய்விட்டது, எனவே முதல் சில அசைவுகள் சரியாக இருந்து, போகப் போகத் தசை கைவிடும். ஓய்வு எடுத்தால் திரும்ப வரும். காலையில் நன்றாக இருந்து மாலையில் மோசமாவதும் இதனால்தான். 1973-ல் பேட்ரிக், லிண்ட்ஸ்ட்ராம் என்ற இருவர், மின்சார விலாங்கு மீனிலிருந்து பிரித்தெடுத்த ஏற்பிப் புரதத்தை முயல்களுக்குச் செலுத்தினார்கள். அவர்களுக்கு வேண்டியிருந்தது ஆய்வுக்கான ஆன்டிபாடிகள். முயல்களோ தளர்ந்து விழுந்தன, மயஸ்தீனியா நோயாளிகளுக்குப் பயன்பட்ட மருந்தைக் கொடுத்ததும் எழுந்தன. இது உடல் தன்னையே தாக்கும் நோய்தான் என்பதற்கு அதைவிட நேரடியான சாட்சி அதுவரை கிடைத்திருக்கவில்லை. நோயெதிர்ப்பு அமைப்பு ஏன் திடீரென்று ஒருவரில் தடம் புரள்கிறது என்பது இன்றும் முழுதாகத் தெளிவாகாத விஷயம். நெஞ்சிலிருக்கும் தைமஸ் சுரப்பிக்குப் பெரிய பங்கு உண்டு என்பது மட்டும் உறுதி. நோயாளிகளில் பத்துப் பதினைந்து சதவீதம் பேருக்கு அதில் கட்டி இருக்கும்.

ஆக, நீங்கள் பரப்ப வேண்டிய செய்தி ஒன்றே ஒன்று: பயன்படுத்தப் பயன்படுத்தப் பலம் குறைந்து, ஓய்வில் திரும்பி வரும் தசை. அதுவும் குறிப்பிட்ட தசைகள். இமை, கண்ணை அசைக்கும் தசைகள், மெல்லும் தாடை, விழுங்கும் தொண்டை, பேச்சு, கழுத்து, தோள். உடம்பு முழுக்க அசதி, எதிலும் நாட்டம் இல்லை, தூங்கி எழுந்தாலும் களைப்பு என்று ஒருவர் சொன்னால், அது மட்டும் போதாது. அதற்கு வேறு நூறு காரணங்கள் உண்டு. சாப்பிட ஆரம்பிக்கும்போது நன்றாக மென்று, பாதியில் தாடையைக் கையால் தாங்கிப் பிடித்து மெல்கிறார் என்றால் அது வேறு கதை. தொலைபேசியில் பேசத் தொடங்கும்போது குரல் தெளிவாக இருந்து, பத்து நிமிடத்தில் மூக்கால் பேசுவது போல் ஆகிவிடுகிறது என்றால் உடனே கவனிக்க வேண்டும். தாமஸ் வில்லிஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1672-லேயே இப்படி ஒரு பெண்ணைப் பற்றி எழுதியிருக்கிறார். நெடுநேரம் பேசினால் பேச்சே நின்றுபோகும், சற்று ஓய்ந்த பிறகு திரும்பும் என்று. முந்நூற்றைம்பது வருடப் பழைய வர்ணனை, இன்றைக்கும் அதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

அப்புறம் ஏன் தவறிப்போகிறது? மருத்துவர்கள் படிக்காததால் இல்லை, எல்லோரும் ஒரு முறையாவது படித்திருப்பார்கள். நோயின் சுபாவம் அப்படி. காலை பத்து மணிக்கு, காத்திருப்பு நாற்காலியில் ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்து ஓய்வெடுத்துவிட்டு உள்ளே வரும் நோயாளியின் இமை நேராக இருக்கும், கைப்பலம் சரியாக இருக்கும். ஸ்கேன் சரி, தைராய்டு சரி. 'சாயங்காலம் ஆனால் ஒன்று இரண்டாகத் தெரிகிறது டாக்டர்' என்று சொன்னால், கேட்பவருக்கு மனசு சம்பந்தப்பட்டது போலத் தோன்றிவிடுகிறது. முகத் தசைகள் தளர்ந்தவர் சிரிக்கும்போது வாயின் ஓரங்கள் மேலே ஏறாமல், ஏதோ சீறுவது போல் இருக்கும். வீட்டில் இருப்பவர்களே 'எப்பப் பார்த்தாலும் மூஞ்சியை உர்ரென்று வைத்திருக்கிறாள்' என்பார்கள். புகைப்படம் எடுக்கும்போது சிரிப்பதையே நிறுத்திவிட்ட நோயாளிகளை எனக்குத் தெரியும். உங்கள் அக்காவுக்கு ஒட்டப்பட்ட 'டென்ஷன்' முத்திரை எனக்கு ஆச்சரியம் தரவில்லை, கோபம்தான் தருகிறது.

இன்னொரு தவறு விழிப்புணர்வுப் படங்களிலேயே இருக்கிறது. பாடப்புத்தகம் முதல் விளம்பரம் வரை மயஸ்தீனியா என்றால் ஓர் இளம்பெண்ணின் முகத்தைத்தான் போடுவார்கள். நாற்பது வயதுக்குக் கீழே பெண்களுக்கு அதிகம் வருவது உண்மைதான். ஆனால் அறுபதைத் தாண்டியவர்களுக்கும், குறிப்பாக ஆண்களுக்கு, இது கணிசமாக வருகிறது. எழுபது வயதுக்காரரின் இமை தொங்கினால் 'வயசாச்சு' என்று விட்டுவிடுகிறார்கள், பேச்சு குழறினால் பக்கவாதம் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். நீங்கள் ஒரு படம் போடப் போகிறீர்கள் என்றால் தயவுசெய்து ஒரு வயதான ஆணின் முகத்தையும் போடுங்கள்.

சரி, யாரிடம் போவது? நோயாளி நியூராலஜிஸ்டிடம் வருவதற்கு முன்பு யார் யாரைப் பார்க்கிறார் என்று யோசியுங்கள். நோயாளிகளில் பெரும்பாலோருக்கு முதலில் தொடுவது கண். எனவே கண் மருத்துவமனை, அதைவிட முக்கியமாகக் கண்ணாடிக் கடையில் பார்வை பரிசோதிப்பவர். இரட்டைப் பார்வைக்குப் புதுக் கண்ணாடி, ஆறு மாதத்தில் இன்னொரு கண்ணாடி என்று மாற்றிக்கொண்டே போகிறவர்களில் சிலர் இந்த நோயாளிகள். அடுத்து, மெல்ல முடியவில்லை என்று பல் மருத்துவரிடமும், விழுங்க முடியவில்லை, குரல் மாறுகிறது என்று காது மூக்கு தொண்டை மருத்துவரிடமும் போவார்கள். இவர்களிடம் அரைப் பக்கத் தாள் ஒன்றைக் கொண்டு சேர்ப்பது, ஆயிரம் பேர் ஓடும் ஓட்டத்தைவிட அதிகப் பலன் தரும் என்பது என் கணிப்பு.

அந்தத் தாளில் அவர்கள் நின்ற இடத்திலேயே செய்யக்கூடிய இரண்டு சோதனைகளைச் சொல்லலாம். ஒன்று, தலையை அசைக்காமல் ஒரு நிமிடம் கூரையையே பார்க்கச் சொல்வது. மயஸ்தீனியா இருந்தால் இமை மெதுவாக இறங்கி வரும். இன்னொன்று, தொங்கும் இமையின் மேல் துணியில் சுற்றிய ஐஸ் கட்டியை இரண்டு நிமிடம் வைத்து எடுப்பது. குளிரில் அசிட்டைல்கோலினைச் சிதைக்கும் நொதியின் வேகம் குறைவதால், இமை இரண்டு மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேல் உயர்ந்தால் சந்தேகம் வலுக்கிறது. ஆனால் இது சந்தேகத்தை வலுப்படுத்தும் சோதனைதான், இமை உயரவில்லை என்றால் நோய் இல்லை என்று ஆகாது. ரத்தப் பரிசோதனைக்கும் இதே எச்சரிக்கை உண்டு. உடல் முழுதும் பாதித்தவர்களில் சுமார் 85 சதவீதம் பேருக்கு ஏற்பிக்கு எதிரான ஆன்டிபாடி இருக்கும், ஆனால் கண்ணோடு நின்றுவிட்ட நோயில் பாதிப் பேருக்குத்தான் இருக்கும். மஸ்க் என்ற வேறொரு புரதத்துக்கு எதிராக ஆன்டிபாடி உள்ள சிறிய குழுவும் உண்டு, அதைத் தனியாகத்தான் பரிசோதிக்க வேண்டும். 'பிளட் டெஸ்ட் நார்மல், ஒன்றும் இல்லை' என்ற வாக்கியம் இந்த நோயில் பல மாதங்களைத் தின்றிருக்கிறது.

பொதுமக்களுக்கு ஏதாவது சொல்லியே ஆக வேண்டும் என்றால், வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். காலையில் எழுந்ததும் ஒரு முறை, மாலையில் மோசமாக இருக்கும்போது ஒரு முறை. வெளிச்சம் முகத்தில் நேராக விழ வேண்டும், நெற்றியும் கழுத்தும் தெரிய வேண்டும். ஒன்று முதல் ஐம்பது வரை சத்தமாக எண்ணச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். பத்து மணிக்குச் சரியாகத் தெரியும் நோயாளியின் மாலை முகத்தை மருத்துவருக்குக் காட்ட வேறு வழி கிடையாது. பழைய புகைப்படங்களையும் எடுத்து வரச் சொல்லலாம். இமை எந்த வருடத்திலிருந்து இறங்கியது என்பது சில சமயம் குடும்பப் படங்களில்தான் தெரியும். கூடவே ஓர் எச்சரிக்கையை மறக்காமல் சேர்த்துவிடுங்கள்: இமை திடீரென்று தொங்கி, கடும் தலைவலியோ, ஒரு கண்ணின் பாப்பா மட்டும் பெரிதாவதோ, ஒரு பக்கக் கை கால் திடீரென்று பலவீனமாவதோ சேர்ந்தால் அதை மயஸ்தீனியா என்று நினைக்கக் கூடாது. வீடியோ எடுத்துக்கொண்டிருக்காமல் உடனே அவசர சிகிச்சைக்கு ஓட வேண்டும். மயஸ்தீனியா பாப்பாவைத் தொடுவதில்லை. இந்த வரி இல்லாத சுவரொட்டியால் ஒருவர் உயிரே போகலாம்.

நீங்கள் கேட்காத, ஆனால் உயிரோடு நேரடியாகச் சம்பந்தப்பட்ட இன்னொரு விழிப்புணர்வு இருக்கிறது. அது நோய் ஏற்கெனவே கண்டுபிடிக்கப்பட்டவர்களைப் பற்றியது. சாதாரணமாகக் கொடுக்கப்படும் பல மருந்துகள் இந்த நோயைத் திடீரென்று மோசமாக்கும். சிப்ரோஃபிளாக்சசின், லெவோஃபிளாக்சசின் போன்ற ஆன்டிபயாடிக்குகள் மீது அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2011-ல் இதற்காகவே கடும் எச்சரிக்கை போட்டது. ஜென்டாமைசின் வகை, அசித்ரோமைசின் வகை, ஊசியில் ஏற்றும் மக்னீசியம், ரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் கொடுக்கும் பீட்டா பிளாக்கர்கள், குயினைன், போடாக்ஸ் எல்லாம் இந்தப் பட்டியலில் வரும். மயக்க மருந்து கொடுப்பவருக்கு முன்கூட்டியே தெரிந்தாக வேண்டும், ஏனெனில் அறுவையின்போது பயன்படும் தசைத் தளர்த்திகள் இவர்களிடம் வழக்கமான அளவில் வழக்கம்போல வேலை செய்யாது. இவற்றில் பல முழுத் தடை இல்லை. உயிர் காக்க வேறு வழி இல்லாதபோது கண்காணிப்போடு கொடுப்பதுண்டு. ஆனால் தெரிந்து கொடுப்பது வேறு, தெரியாமல் கொடுப்பது வேறு. அக்காவின் பர்ஸில் நோயின் பெயர், மருந்துகள், தவிர்க்க வேண்டியவை, அவருடைய மருத்துவரின் எண் எழுதிய அட்டை ஒன்று இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். எந்த மருந்து அவருக்கு எவ்வளவு ஆபத்து என்பதை அவரைப் பார்க்கும் மருத்துவர்தான் சொல்ல வேண்டும், தூரத்தில் இருந்து நான் சொல்லக் கூடாது.

அவசர சிகிச்சைப் பிரிவுகளுக்கும் ஒரு வரி போக வேண்டும். நோயாளிகளில் ஏறக்குறைய 15 முதல் 20 சதவீதம் பேருக்கு வாழ்நாளில் எப்போதாவது மூச்சுத் தசைகள் கைவிடும் நெருக்கடி வரும், பெரும்பாலும் ஒரு தொற்றைத் தொடர்ந்து. விரலில் மாட்டும் ஆக்சிஜன் மீட்டர் அப்போதும் 97, 98 என்று காட்டிக்கொண்டிருக்கும். அது குறையும்போது நேரம் கடந்திருக்கும். படுக்க முடியாமை, ஒரே மூச்சில் நீளமாகப் பேச முடியாமை, எச்சிலை விழுங்க முடியாமை, தலை நிமிர்ந்து நிற்காமை இவற்றைப் பார்க்க வேண்டும், மூச்சின் கொள்ளளவை அளந்து பார்க்க வேண்டும். வெண்டிலேட்டரும், இம்யூனோகுளோபுலின் அல்லது பிளாஸ்மா மாற்றுச் சிகிச்சையும் நேரத்துக்குக் கிடைத்தால் பெரும்பாலோர் மீண்டு வருகிறார்கள்.

இப்போது பிரபலம், ஓட்டம், சிறப்பு மாதம். அமெரிக்காவில் ஜூன் மாதத்தை மயஸ்தீனியா விழிப்புணர்வு மாதமாக வைத்திருக்கிறார்கள். பிப்ரவரியின் கடைசி நாளை 2008 முதல் அரிய நோய் தினமாகக் கொண்டாடுகிறார்கள். நோயாளிகளுக்கு இவற்றால் ஒரு துணை கிடைக்கிறது, தனியாக இல்லை என்ற தெம்பு கிடைக்கிறது. அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் இவற்றால் நோய் சீக்கிரம் கண்டுபிடிக்கப்படுகிறதா என்றால், அதைக் காட்டும் வலுவான ஆதாரம் எதையும் நான் பார்த்ததில்லை. 2014-ல் தலையில் ஐஸ் தண்ணீரை ஊற்றிக்கொள்ளும் சவால் உலகம் முழுக்கப் பரவியது நினைவிருக்கும். அது ஏஎல்எஸ் என்ற நரம்பு நோய்க்காக. அமெரிக்காவின் ஏஎல்எஸ் சங்கத்துக்கு மட்டும் 11.5 கோடி டாலர் சேர்ந்தது, அந்தப் பணத்தில் உருப்படியான ஆராய்ச்சியும் நடந்தது. ஆனால் தண்ணீர் ஊற்றிக்கொண்டவர்களில் எத்தனை பேரால் அந்த நோயின் ஓர் அறிகுறியையாவது சொல்ல முடியும்? பணம் திரட்டுவதும் நோயை அடையாளம் காண வைப்பதும் வேறு வேறு வேலைகள். உங்களுக்கு எது வேண்டும் என்பதை முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். பிரபலம் பேசினால் அவரிடம் வீடியோ பற்றிய அந்த ஒரு வரியைச் சொல்ல வையுங்கள், 'போராடி வெல்வோம்' வகைப் பேச்சு வேண்டாம்.

என்ன சொல்லக் கூடாது என்பதிலும் கவனம் தேவை. 'முழுக் குணம்' என்று சொல்லாதீர்கள், 'தீராத கொடிய நோய்' என்றும் சொல்லாதீர்கள். 1934-ல் லண்டன் கிரீனிச்சில் மேரி வாக்கர் என்ற மருத்துவர் பைசோஸ்டிக்மின் ஊசி போட்டு ஒரு நோயாளியின் இமை உயர்வதைப் பார்த்த நாளிலிருந்து சிகிச்சை தொடர்ந்து வளர்ந்திருக்கிறது. பைரிடோஸ்டிக்மின், ஸ்டீராய்டு, அசதயோபிரின் என்று தொடங்கி, 2017-க்குப் பிறகு நோயெதிர்ப்பின் குறிப்பிட்ட கண்ணியை மட்டும் தடுக்கும் புதிய மருந்துகளும் வந்துவிட்டன. தைமஸை எடுத்துவிடும் அறுவை, கட்டி இல்லாதவர்களில் தகுந்த சிலருக்கும் பயன் தருகிறது என்பது 2016-ல் வெளியான ஆய்வில் உறுதியானது. பெரும்பாலோர் வேலைக்குப் போய், குழந்தை பெற்று, வழக்கமான வாழ்க்கை வாழ்கிறார்கள். சிலருக்கு எவ்வளவு செய்தும் அடங்குவதில்லை. இரண்டையும் சொல்லுங்கள். 'எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும்' பொடி, கஷாய விளம்பரங்கள் உங்களைத் தேடி வரும், ஆதரவுப் பணமும் தருவார்கள். எதிர்ப்பு அமைப்பே குற்றவாளியாக இருக்கும் நோயில் அதைத் தூண்டிவிடுவதாகச் சொல்லும் பொருளோடு உங்கள் பெயர் சேர வேண்டாம்.

எல்லாவற்றுக்கும் முன்னால் அக்காவிடம் கேளுங்கள். அவர் முகம், அவர் இமை, அவர் வேலை செய்யும் இடம். நோயாளி என்று ஊருக்குத் தெரிந்தால் வேலை, திருமணம் எல்லாவற்றிலும் என்ன வரும் என்பது அவருக்குத்தான் தெரியும். அவர் வேண்டாம் என்றால் அவர் கதை இல்லாமலே இதையெல்லாம் செய்யலாம். தாளை எழுதி முடித்ததும் அவரைப் பார்க்கும் மருத்துவரிடம் காட்டித் திருத்தி வாங்கிக்கொள்ளுங்கள், பிறகு அச்சடியுங்கள்.

ரிப்பன் நிறத்தையும் கேட்டிருந்தீர்கள். நீலமும் பச்சையும் கலந்த டீல் நிறம். அதே நிறத்தைக் சினைப்பைப் புற்றுநோய்க்கும் வைத்திருக்கிறார்கள், பார்ப்பவர்களுக்கு வித்தியாசம் தெரியாது. அதில் பணம் போடுவதாக இருந்தால், அந்தப் பணத்தில் கூடுதலாக நூறு தாள் அச்சடித்துக் கண்ணாடிக் கடைகளில் கொடுத்துவிடுங்கள்.